அங்கீகரிக்கப்பட்ட அழுக்கு

அந்த ஆய்வு நிறுவனத்தில் எதைச் செய்தாலும் அழுக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். இது வசவு இல்லை, அங்குள்ள விதி.

உலோகத்தின் மேல் சரியான ஒளியைப் பாய்ச்சினால் உள்ளேயிருந்து எலக்ட்ரான்கள் தெறித்து வெளியே வரும். எந்த வேகத்தில் எத்தனை வருகின்றன என்று எண்ணினால், அந்த உலோகத்தின் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். வேலை அவ்வளவுதான். ஆனால் எண்ணத் தொடங்க ஓர் அளவுகோல் வேண்டுமே! காற்றில் கிடக்கும் எந்தப் பொருளின் மேலும் கரி கலந்த அழுக்கு படியும். அதுவும் தன் பங்குக்கு வரைபடத்தில் ஒரு முகட்டை எழுப்பும். ஆதியில் அங்கே பெயின்ட், பிளாஸ்டிக், பீங்கான் என்று மின்சாரம் கடத்தாத சரக்குகளையே அளந்துகொண்டிருந்தார்கள். அவற்றுக்கு வேறு அளவுகோல் இல்லாததால் அழுக்கின் முகட்டை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மற்றதையெல்லாம் அதிலிருந்து அளந்தார்கள். தப்பில்லை. வேறு போக்கிடம் இல்லாதவர்கள் செய்வதுதான். ஆனால் அதற்காக அன்றைய இயக்குநருக்கு ஒரு விருது வந்து தொலைத்தது. அப்புறம் என்ன, போக்கிடம் இல்லாமல் செய்தது மரபாயிற்று, மரபு விதியாயிற்று, விதி நுழைவாயில் கல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டது: 'அழுக்கு முகடு இல்லாத முடிவு, முடிவு அல்ல.'

மூன்றாம் மாடி மருமகள் அந்தக் கல்லைத் தினமும் தாண்டித்தான் உள்ளே போவாள். அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் நிறுவனத்தின் குடியிருப்புக்கு வந்த முதல் வாரத்திலேயே அவளுடைய மாமியார் எல்லா வீட்டுச் சமையலறைக்குள்ளும் புகுந்து புறப்பட்டுவிட்டதால், இவள் ஊருக்கே மருமகளாகிப் போனாள். வாயில் காவலர்கூட "வாங்க மருமகளே" என்றுதான் கதவைத் திறப்பார். புருஷன் கப்பலில். மாமியார்தான் வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டு, "எலக்ட்ரான் வீட்டுக்கு வருமா, இல்ல நாமதான் போய்க் கூட்டிட்டு வரணுமா?" என்று சாயங்காலங்களில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளுடைய வேலை, ஒரு செப்புப் படிகத்தின் மேல் வெள்ளியை அணு அணுவாகத் தூவி, அடுக்கடுக்காகப் படலம் வளர்ப்பது. படலம் அவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது அதற்குள் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்கள் இஷ்டத்துக்கு இருக்க முடியாது, படிக்கட்டு மாதிரி குறிப்பிட்ட உயரங்களில்தான் நிற்கும். அந்தப் படிகளைப் பார்ப்பதென்றால் மேற்பரப்பில் ஒரு தூசு கூடாது. காற்றை உறிஞ்சி வெளியேற்றிய எஃகுக் கலம். அதன் மேல் அலுமினியத் தாள் சுற்றி நாள்கணக்கில் வேகவைத்தல். உள்ளே படிகத்தை அயனிகளால் அடித்துச் சுரண்டுதல், சுடுதல், ஆறவிடுதல், மறுபடி சுரண்டுதல். பாத்திரம் தேய்ப்பதை மேற்படிப்பாக்கியிருக்கிறார்கள் என்று மாமியார் சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை.

கடைசியில் ஒரு நாள் அந்தப் படிகள் தெரிந்தன. எழுதி ஒட்டிய மாதிரி, பளிச்சென்று. அதைவிட ஆச்சரியம் ஒன்று இருந்தது. மற்ற தடிமன்களில் சூடேற்றினால் படலம் சுருண்டு துளித்துளியாகத் திரண்டுவிட்டது. ஐந்தாம் அடுக்கில் மட்டும் எவ்வளவு சூடேற்றினாலும் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று அந்தப் படிகளே காட்டிக்கொடுத்தன. அவளுக்குத் தெரிந்து உலகத்தில் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. வேறொரு தேசத்தில் ஒரு கூட்டம் அதே படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். அழுக்கு முகடு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். வெறும் சமவெளி. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, ஒண்ணுமே இல்ல அத்தை!"

"ஒண்ணுமில்லன்னா அழுவாங்க. நீ என்னடி சிரிக்கற?"

அவள் சிரிப்பை வைத்தே அந்த வயதான அம்மாளுக்குப் புரிந்தது நிறுவனத்தில் வேறு யாருக்கும் புரியவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் ஆய்வேடு தேறாவிட்டால் அவளுடைய இடம் போய்விடும். ஆய்வேடு தேற வேண்டுமானால் தர உறுதிக் குழு தலையாட்ட வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனாள். அவரை எல்லோரும் 'பார்க்கலாம் சார்' என்பார்கள். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் ஒரே பதில் அதுதான். வரைபடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்லையேம்மா."

"அது இல்லாததுதான் சார் நல்லா இருக்கு."

"பார்க்கலாம்மா."

குழுவின் தலைவரைத் தரத் தலைவர் என்பார்கள். அவர் கடைசியாகத் தொட்ட இயந்திரம் லிஃப்ட் என்று வளாகத்தில் பேச்சு. குழு கூடிய அறையில் நாற்காலிகளெல்லாம் மெத்தை வைத்தவை. நிற்பவர்களுக்கு மட்டும் மின்விசிறி எட்டாது.

"அழுக்கு எங்கே?" என்று கேட்டார் தரத் தலைவர்.

"இல்ல சார்."

"இல்லன்னா?"

"சுத்தமா இருக்கு சார்."

"சுத்தமா இருக்கா இல்லையான்னு நாங்க சொல்லணும். அழுக்கு எங்கே போச்சு? அழிச்சிட்டீங்களா?"

"சுரண்டி எடுத்தேன் சார்."

ஒருவர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்.

"சார், உலோகத்துக்கு அழுக்கு வேண்டாம். அதுல எலக்ட்ரான் நிரம்பியிருக்கிற விளிம்பு தானாவே தெரியும். அதான் பூச்சியம். அங்கேருந்து அளந்தா போதும்."

தரத் தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். பேசப் போகிறார் என்று தெரிந்ததும் மற்றவர்கள் பேனாவை மூடி வைத்தார்கள்.

"அதாவது, உலோகம் தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கும், நாங்க கேட்டுக்கணும். அப்படித்தானே? இந்த நிறுவனத்துல யாரையாவது அவங்ககிட்டயே கேட்டு நம்பியிருக்கோமா? எனக்குப் பதவி உயர்வு வந்தப்ப, 'உனக்குத் தகுதி இருக்கா'ன்னு என்னை யாராவது கேட்டாங்களா? கேக்கல. கேட்டிருந்தா நானே என்ன சொல்லியிருப்பேனோ! வெளியாள் ஒருத்தர் சொன்னார், கொடுத்தாங்க. அதுதான் முறை. அழுக்கு ஒரு வெளியாள்மா. அதுக்கு யார் மேலயும் பாசம் கிடையாது. தங்கம்னாலும் தகரம்னாலும் ஒரே மாதிரி படியும். அதைவிட நடுநிலையான சாட்சி ஒண்ணு காட்டுங்க, நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்துக்கறேன்."

நாற்காலியை விட்டு எழ வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. படிகத்தை வெளியே எடுத்துக் காற்றில் வைத்து, முறையான அழுக்கைப் படியவிட்டு, மறுபடி அளந்து கொண்டுவர வேண்டும் என்று முடிவாயிற்று.

எந்தக் காற்றில் என்ற கேள்வி எழுந்தபோதுதான் துணைக்குழு பிறந்தது. உணவகக் காற்றில் எண்ணெய் அதிகம். தாழ்வாரக் காற்றில் இன்னும் பட்டம் வாங்காதவர்களின் மூச்சு கலந்திருக்கிறது. நூலகக் காற்று பழமையானது, மரியாதைக்குரியது, ஆனால் அங்கே யாரும் போவதில்லை என்பதால் அதன் தரத்துக்குச் சான்று சொல்ல ஆளில்லை. இப்படி அலசி அலசி, கடைசியில் இயக்குநரிடம் போய் நின்றார்கள். அவர் நெகிழ்ந்துபோனார்.

"என் அறைக் காற்றைத் தர்றதுல எனக்கென்ன ஆட்சேபணை! நான் பதவிக்கு வந்ததுலேருந்து அந்த ஜன்னலைத் திறந்ததே இல்ல. வெளியிலேருந்து எதுவும் உள்ள வந்தது கிடையாது. உள்ள இருக்கிறது முழுக்க முழுக்க நம்ம நிறுவனம்தான்."

எலக்ட்ரான் படிகள் மூச்சுக்காற்றுப் பட்டாலே கலைந்துபோகும். இயக்குநரின் மேசை மேல் ஒரு மணி நேரம் வைத்தால் ஐந்தாம் அடுக்காவது, ஆறாம் அடுக்காவது, எல்லாம் ஒரே சேறு. முறைப்படி அளந்தால் சொல்வதற்கு எதுவும் இருக்காது. அளக்காவிட்டால் சொல்லவே விடமாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒட்டு அண்ணன் வந்தார். பட்டம் வாங்கிப் பல காலம் ஆகியும் வளாகத்தைவிட்டு நகராமல், கணினி அறையிலேயே குடியிருந்தவர். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"என்னம்மா, உனக்கு மட்டுந்தான் சுத்தம் வந்துச்சுன்னு நினைச்சியா?"

"அண்ணே?"

"எனக்கும் வந்துச்சு. அழுதேன். அப்புறம் எங்க அண்ணன் ஒருத்தர் இதைக் கொடுத்தார்." கணினியைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரு முகடு. அழகான, தடித்த, அழுக்கு முகடு. வலது தோளில் மச்சம் மாதிரி ஒரு குட்டிப் புடைப்பு. "உன் வரைபடத்துல அந்தச் சமவெளி இருக்கில்ல, அங்க எடுத்து ஒட்டிக்கோ. உன் வெள்ளிய யாரும் தொடமாட்டாங்க."

"இது யாரோட அழுக்குண்ணே?"

"யாரு கண்டா! ஏதோ பிளாஸ்டிக் மூடியோடதுன்னு சொல்வாங்க. இங்க தேறின உலோக ஆய்வேடு எதை வேணும்னாலும் எடுத்துப் பாரு, அந்த மச்சம் இருக்கும். நாம எல்லாம் ஒரே குடும்பம்மா."

அவள் நூலகத்துக்குப் போய்ப் பார்த்தாள். நிக்கலின் மேல் அதே மச்சம். தங்கத்தின் மேல் அதே மச்சம். தரத் தலைவர் இளவயதில் எழுதிய டங்ஸ்டன் ஆய்வேட்டில், கொஞ்சம் மங்கலாக, அதே மச்சம்.

அன்று சாயங்காலம் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஒரு பொய்ய பக்கத்துல உக்கார வச்சாத்தான் உண்மையப் பேச விடுவேங்கறாங்க."

"கல்யாணப் பேச்சு நடக்கறப்ப, நீ பிரமாதமா சமைப்பேன்னு உங்கம்மா சொன்னாங்க. நானும் தலையாட்டினேன். அன்னிக்கு அதைச் சொல்லலன்னா இன்னிக்கு நீ இந்த வீட்ல இருப்பியா?"

"அது வேற அத்தை."

"என்ன வேற? இன்னிக்கும் வெங்காயம் நான்தான் உரிக்கிறேன்."

இயக்குநர் மேசை மேல் பேருக்கு ஒரு வெறும் செப்புத் துண்டை வைத்து எடுத்துக்கொண்டு, மருமகள் ஒட்டினாள். பார்க்கலாம் சார் பார்த்தார். மச்சத்தின் மேல் அவருடைய விரல் ஒரு கணம் நின்றது. பிறகு முதல் தடவையாக "சரிம்மா" என்றார்.

குழு வெள்ளிப் பகுதியைப் புரட்டிப் பார்க்கவே இல்லை. 'அழுக்கு மிக நேர்த்தி' என்று குறிப்பெழுதி ஆய்வேட்டைத் தேறவிட்டது. பட்டமளிப்புக் கூட்டத்தில் இயக்குநர் அவளை மேடையில் நிறுத்தி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். "முதல்ல முரண்டு பிடிச்ச பொண்ணுதான். ஆனா நிறுவனம் எப்படிப்பட்ட கரடுமுரடான ஆளையும் பதமாக்கிடும். இன்னிக்கு இவங்க அழுக்குக்கும் மத்தவங்க அழுக்குக்கும் ஒரு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது! அதுதான் தரம்!" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாததுதான் வினையாகப் போயிற்று.

ஐந்தாம் அடுக்குச் செய்தி வெளியே போனதும், படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த அந்த வெளிதேசத்துக் கூட்டம் அதை வரிவரியாகப் படித்தது. அவர்கள் கண்ணில் பட்டது வெள்ளி அல்ல, மச்சம். பழைய கட்டுரைகளைப் புரட்டினார்கள். பிறகு எல்லோரும் பார்க்கும்படி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: இத்தனை வேறு வேறு உலோகங்களின் மேல், இத்தனை வருடங்களாக, ஒரே அழுக்கு ஒரே மச்சத்தோடு எப்படிப் படிகிறது?

நிறுவனம் கொதித்தெழுந்தது. விசாரணை என்றார்கள். மச்சம் உள்ள அத்தனை பேரையும் விசாரிப்பதென்றால் விசாரணைக் குழுவில் உட்கார ஆள் மிஞ்சாது. ஆகவே கடைசியாக ஒட்டியவளை மட்டும் கூப்பிட்டார்கள். தலைமை, தரத் தலைவர்.

"ஒட்டினீங்களா?"

"ஒட்டினேன் சார். அழுக்கு பொய். வெள்ளி உண்மை."

"உண்மையான வெள்ளிக்குப் பக்கத்துல பொய்யான அழுக்கு எதுக்கும்மா?"

"நீங்க கேட்டீங்க சார்."

"நாங்க கேட்டது அழுக்கு. பொய்யக் கேக்கல. இந்த நிறுவனத்துல யாரும் யாரையும் பொய் சொல்லுன்னு கேட்டது கிடையாது. அதுக்கு அவசியமே வந்ததில்ல."

"நான் ஒட்டினது தப்புதான் சார். அதுக்கு என்ன வேணும்னாலும் பண்ணுங்க. ஆனா வெள்ளிய மட்டும் ஒரு தடவை பாருங்க. காலையில புதுசா ஒரு படலம் வளர்த்து உள்ளயே வச்சிருக்கேன். நீங்க வந்தா கலத்துக்குள்ளயே அளந்து காட்டறேன். அஞ்சு நிமிஷம் சார்."

"குழு எழுந்து போறதில்லம்மா. சான்றுப் பொருள்தான் குழு முன்னாடி வரணும்."

"வெளியே எடுத்தா போயிடும் சார்."

"எங்க போயிடும்?"

"காத்துப் பட்டா அந்தப் படிகள் எதுவும் தெரியாது."

தரத் தலைவர் மற்ற உறுப்பினர்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டார். முகத்தில் ஒரு மலர்ச்சி. "நாலு பேர் முன்னாடி வந்தா மறைஞ்சிடற உண்மை, என்னம்மா உண்மை?"

நல்ல வாக்கியம். வந்திருந்தவர்களில் இருவர் அதை எழுதிக்கொண்டார்கள். மருமகள் ஓரத்தில் உட்கார்ந்திருந்த வழிகாட்டியைப் பார்த்தாள். "சார், நீங்களாவது சொல்லுங்க சார். உங்களுக்குத் தெரியும்."

"பார்க்கலாம்மா," என்றார் அவர், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

பொருளைக் கொண்டுவராவிட்டால் அப்படி ஒரு வெள்ளியே இல்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகும் என்றார்கள். அவள் இயந்திர அறைக்குப் போனாள். விளக்கைப் போட்டு, இன்னொரு தடவை அளந்தாள். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. திரையில் படிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அழுக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அப்படி எவ்வளவு நேரம் நின்றாளோ. வாசலிலிருந்து பணியாள் "ஐயா கேக்கறாங்கம்மா" என்றான். பம்பை நிறுத்திவிட்டு வால்வைத் திருகினாள். புஸ்ஸென்று நீளமான ஒரு சத்தத்தோடு காற்று உள்ளே போயிற்று. அந்தச் சத்தம் முடிவதற்குள்ளேயே காரியமும் முடிந்துபோயிற்று. மூடியைக் கழற்றிப் படிகத்தை எடுத்தாள்.

சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். தட்டில் வைத்துக் கொண்டுபோனாள். "தொடாதீங்க சார்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் தரத் தலைவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதைப் பிடித்திருந்தார். அவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அடுத்தவர் அப்போதுதான் பிஸ்கட் சாப்பிட்டு முடித்திருந்தார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி அது மறுபடி தலைவரிடம் வந்தது. கொஞ்சம் மங்கலாகத் தெரிந்ததால், அவர் அதன் மேல் ஹா என்று ஊதி, கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார்.

"வெள்ளி மாதிரியே இல்லையே. எங்க வீட்டு ஸ்பூன் இதைவிடப் பளபளன்னு இருக்கும்."

முறை தவறக் கூடாது என்பதால் அதை அளக்கவும் செய்தார்கள். இயக்குநர் அறைக்குப் பக்கத்தில், அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன இயந்திரத்தில், ஒட்டு அண்ணன்தான் அளந்தார். வெள்ளி இருந்த சுவடே தெரியவில்லை. அழுக்கு முகடு மட்டும் மலை மாதிரி நின்றது. மச்சம் இல்லை. அசல் அழுக்கு.

தீர்ப்பு அன்று மாலையே வந்துவிட்டது. சான்றுப் பொருளின் மேல் கண்டது உண்மையான, இயற்கையான, மிக உயர்ந்த தரமுள்ள அழுக்கு. ஆகவே அது சுத்தமாக இருந்தது என்று இவர் சொன்னது பொய். அசல் அழுக்கே இவ்வளவு இருக்கும்போது வேறு அழுக்கை எடுத்து ஒட்டியது நிறுவனத்தின் அழுக்கின் மேல் நம்பிக்கை இல்லாததைக் காட்டுகிறது. வெள்ளி எங்கும் காணப்படவில்லை. பட்டம் திரும்பப் பெறப்படுகிறது. பழைய முகட்டின் மேல் வெளியார் கண் பட்டுவிட்டதால், சான்றுப் பொருளிலிருந்து கிடைத்த மச்சமில்லாத இந்தப் புதிய முகட்டை இனிமேல் எல்லோரும் பயன்படுத்தலாம்.

படிகம் கைக்குக் கை மாறியதில் எங்கேயோ தவறிவிட்டது. தேடவேண்டாம் என்றார்கள்.

வெளிதேசத்துக் கூட்டம் சில மாதங்களில் ஐந்தாம் அடுக்கைப் பார்த்துவிட்டது. இயக்குநர் பாராட்டுச் செய்தி அனுப்பினார். அதில், இப்படிப்பட்ட சுத்தம் அங்கேதான் சாத்தியம் என்று பெருமூச்சோடு எழுதியிருந்தாராம். அதற்குள் மூன்றாம் மாடி காலியாகிவிட்டது. சாமான் ஏற்றுகிற வண்டி வந்து நின்றபோது மாமியார் மட்டும் வாயில் காவலரிடம் நின்று பேசினார்.

"திருட்டா பண்ணிட்டா உங்க மருமக?" என்று காவலர் தயங்கித் தயங்கிக் கேட்டாராம்.

"திருடியிருந்தா தலைவராக்கியிருப்பாங்களேப்பா. இவ தேய்ச்சிட்டா."

வேலையை விட்டுப் போகிறவர்கள் கலத்தை மூடி, காற்றை உறிஞ்சி, அடுத்தவருக்குத் தயாராக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மருமகள் அதைச் செய்யவில்லை. மூடியைத் தரையில் வைத்து, கலத்தைப் பப்பரப்பே என்று திறந்து போட்டுவிட்டுப் போனாள். உள்ளே போகிற ஒவ்வொரு தூசும் அவர்களுக்கு ஒரு பாடமாகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அவள் போட்ட ஒரே கணக்கு அங்கேதான் பிசகியது. ஒட்டுவதற்குப் புது முகடு கையில் இருக்கும்போது, கலத்தை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அது திறந்து கிடப்பது இன்னும் யாருக்கும் தெரியாது. போன மாதம்கூட மூன்று ஆய்வேடுகள் தேறியிருக்கின்றன.